அந்த ஊரில் அது எந்த வருஷம்?

என் அம்மாயிக்குத் தான் பிறந்த வருஷம் தெரியாது. கேட்டால், "பிளேக்குக்கு மறு வருஷம் கண்ணு" என்பார். கோயம்புத்தூர்ப் பக்கம் பிளேக் ஒரே தடவை வந்து போன நோய் அல்ல. 1900களின் தொடக்கத்திலிருந்து விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. நகரத்துக்குள் இன்றைக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பது அதனால்தான். "எந்தப் பிளேக்குங்க அம்மாயி?" என்று விடாமல் கேட்டால் கோபம் வந்துவிடும். "எலி விழுந்து, எங்கம்மா அப்பனெல்லாம் ஊட்டைப் பூட்டிப்போட்டுக் காட்டுல சாளை போட்டு இருந்தாங்களாமா, அந்தப் பிளேக்கு!" அவரைப் பொறுத்தவரை விடை அவ்வளவுதான். கணக்குப் போட்டு 1904, 1905 என்று ஏதோ ஒன்றை எழுதி வைத்தவள் நான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், முப்பது வருஷம் கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, வருஷம் என்ற ஒன்றைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியது ஒரு விஞ்ஞானப் புனைகதை. அமெரிக்க எழுத்தாளர் கானி வில்லிஸ் 1992ல் எழுதிய 'டூம்ஸ்டே புக்'. ஹியூகோ, நெபுலா இரண்டு பரிசுகளும் வாங்கிய நாவல். 2020 ஊரடங்கில் இங்கிலாந்தில் ரெடிங் நகரில் இருக்கும் என் பேத்திதான் அதை அனுப்பினாள். "அம்மாயி, கொரோனாவில் கடைகளில் டாய்லெட் பேப்பர் தீர்ந்துபோகும் என்று இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாலேயே இதில் எழுதியிருக்கிறார்கள்" என்பதுதான் அவள் சொன்ன சிபாரிசு. உண்மைதான். நாவலின் 2054ஆம் வருஷ ஆக்ஸ்போர்டில் ஒரு கொள்ளைநோய்க் காய்ச்சல் பரவி, ஊரை அடைத்து, கல்லூரிப் பணியாளர் ஒருவர் அந்தக் காகிதம் தீர்ந்துபோகிறதே என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் புலம்புவார். தினமும் மாலை ஒரு மணி நேரம் போனில் இரண்டு பேரும் வாசித்தோம். நான் பழைய பழக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு, இடது பக்கம் நாவல் சொல்வதும் வலது பக்கம் வரலாறு சொல்வதுமாக எழுதிக்கொண்டு வந்தேன்.

கதை இதுதான். வரலாற்று மாணவர்கள் காலப் பயணம் செய்து நேரில் பார்த்துவிட்டு வரும் காலம். கிவ்ரின் என்ற இளம்பெண் 1320ஆம் வருஷத்து ஆக்ஸ்போர்டுச் சுற்றுவட்டாரத்துக்கு, கிறிஸ்துமஸ் சமயத்தில், போக விரும்புகிறாள். அவளுடைய ஆசிரியர் டன்வொர்திக்கு இதில் சம்மதமில்லை. துறையைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் கில்கிறிஸ்டுக்கு அவசரம். கருவியை இயக்கும் பத்ரி சௌத்ரி காய்ச்சலோடு வேலை செய்கிறார், எண்கள் தப்பிவிடுகின்றன. கிவ்ரின் போய் விழுவது 1348 டிசம்பரில். அதுவும் அவளுக்குத் தெரியாது. ஒரு ஊரில், ஒரு வீட்டில், இரண்டு சிறுமிகளோடு பழகி, இது 1320 என்ற நினைப்பிலேயே நாட்களைக் கழிக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வந்த மதகுருக்களின் கூட்டத்தில் ஒருவன் காய்ச்சலில் படுக்கிறான். அவன் உடம்பில் கட்டியைப் பார்த்த பிறகுதான் தான் நிற்கும் வருஷம் அவளுக்கு விளங்குகிறது.

வில்லிஸ் இதை விபத்து மாதிரி எழுதியிருக்கிறார். எனக்கோ, அவள் எந்த வருஷத்தில் இறங்கினாலும் அந்த ஊரைப் பார்த்து வருஷத்தைச் சொல்ல முடியாது என்பதுதான் முக்கியமாகப் பட்டது. 1320க்கும் 1348க்கும் இடையே அந்த வயலில், அந்தக் கூரையில், அந்தக் கஞ்சியில் என்ன மாறிவிட்டது?

முதலில் அந்த 1320ஐப் பார்ப்போம். பாதுகாப்பான வருஷம் என்று கில்கிறிஸ்ட் சாதிப்பார். கறுப்புச் சாவு என்கிற பெருங்கொள்ளைநோய் வர இன்னும் இருபத்தெட்டு வருஷம் இருக்கிறதே என்று. நோட்டின் வலது பக்கத்தில் நான் சிவப்பு மையில் எழுதிய முதல் குறிப்பு இதற்குத்தான். 1315லிருந்து வட ஐரோப்பா முழுக்க விடாத மழை. விதை அழுகி, உப்புகூடக் காயாமல், 1317 வரை பெரும் பஞ்சம். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் 1319 ஈஸ்டர் வாக்கில் மாட்டு நோய் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. ஓரிரு வருஷத்தில் நாட்டின் மாடுகளில் பாதிக்கு மேல் செத்துவிட்டன. ஏர் பூட்ட எருதில்லை, பிள்ளைகளுக்குப் பாலில்லை. கிவ்ரின் சரியாகவே 1320 டிசம்பரில் இறங்கியிருந்தால், வெறும் தொழுவங்களும் குதிரையை ஏரில் பூட்டிப் பழக்கும் குடியானவர்களும்தான் கண்ணில் பட்டிருப்பார்கள். அந்த வருஷம் பிறந்து பால் இல்லாமல் வளர்ந்த தலைமுறைதான் இருபத்தெட்டு வயதில் கொள்ளைநோயை எதிர்கொண்டது. பரீட்சைத் தாளில் 1348ஐ மட்டும் கட்டம் கட்டி, மற்றதெல்லாம் நல்ல காலம் என்று நானும் பல வருஷம் நடத்தியிருக்கிறேன். கில்கிறிஸ்டைத் திட்ட எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை.

சரி, ஊரில் யாரையாவது கேட்டுவிடலாமே, இது எந்த வருஷம் என்று? பேத்தி இதைத்தான் முதலில் கேட்டாள். கேட்கலாம், நாம் எதிர்பார்க்கும் பதில் வராது. பண்ணை நீதிமன்றத்தின் தோல்சுருளில் தேதி எப்படி இருக்கும் என்றால், இன்ன புனிதரின் திருநாளுக்கு அடுத்த செவ்வாய், மூன்றாம் எட்வர்டு மன்னரின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டு. நம் சோழர் கல்வெட்டில் மன்னன் பெயரோடு 'யாண்டு' என்று எண் போடுவார்களே, அதே முறை. இயேசு பிறந்து ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் என்ற கணக்கு பாதிரியாருக்குத் தெரிந்திருக்கலாம். உழுகிறவருக்கு அது தேவையே இல்லை. அந்தக் கணக்கிலும் ஒரு சிக்கல். இங்கிலாந்தில் அன்றைக்குப் புது வருஷம் மார்ச் 25ல் பிறந்தது. நாம் 1349 ஜனவரி என்று எழுதும் மாதம் அவர்களுக்கு இன்னும் 1348தான்.

வயது? அதற்கென்று ஒரு விசாரணையே உண்டு. மன்னரிடமிருந்து நேரே நிலம் பெற்ற குடும்பத்தின் வாரிசு இருபத்தொரு வயதாகிவிட்டது, நிலத்தைக் கொடுங்கள் என்று வந்தால், அக்கம்பக்கத்தார் பன்னிரண்டு பேரை நிறுத்திக் கேட்பார்கள்: இவன் பிறந்தது உனக்கு எப்படி நினைவிருக்கிறது? ஒருவர், அன்றைக்குத்தான் நான் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன் என்பார். இன்னொருவர் அந்த வாரம் அப்பாவை அடக்கம் செய்தேன் என்பார். மற்றொருவர் வீடு எரிந்தது என்பார். இந்தச் சாட்சியங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் இருக்கின்றன. பல ஊர்களில் ஒரே மாதிரி கால்கள் ஒடிந்திருப்பதைப் பார்த்து, குமாஸ்தாக்கள் பழைய தாளைப் பார்த்துக் காப்பியடித்திருப்பார்களோ என்று ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம். இருக்கட்டும். எனக்கு என் பென்ஷன் காகிதத்தில் பிறந்த தேதி ஜூன் 1. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் வசதிக்குப் போட்டது. பவானிசாகர் அணை கட்டி முடித்த வருஷம் ஐப்பசியில் அடைமழையில் பிறந்தாய் என்பார் அம்மா. நானும் ஒரு ஒடிந்த காலை வைத்துத்தான் வயது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. கிவ்ரின் அன்றைய ஆங்கிலம் படித்துவிட்டுப் போவாள். மூளையில் மொழிபெயர்ப்புக் கருவி வேறு. முதல் நாட்களில் ஒரு வார்த்தை விளங்காது. இது நாவலாசிரியரின் சாமர்த்தியமான கணிப்பு. இன்று பாடப் புத்தகத்தில் இடைக்கால ஆங்கிலம் என்று நாம் படிப்பது பெரும்பாலும் கவிஞர் சாசருடைய லண்டன் பேச்சு. 1348ல் சாசர் சின்னப் பையன். பண்ணைக் கணக்கு லத்தீன், பெரிய வீட்டுப் பேச்சு பிரெஞ்சு, நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வழக்காடலாம் என்று சட்டம் வந்ததே 1362ல்தான். ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்து ஊரில் களை எடுக்கிறவள் பேசியது எந்தத் தோலிலும் ஏறவில்லை.

தோலில் ஏறிய ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். நாவலில் இல்லாத ஆள். நோட்டின் வலது பக்கத்தை ஏறக்குறைய அவரே பிடித்துக்கொண்டார்.

ஆக்ஸ்போர்டுக்குத் தென்கிழக்கே, ஒரு நாள் நடையில், கக்ஸம் என்று சின்ன ஊர். பதிமூன்றாம் நூற்றாண்டிலிருந்தே ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரிக்குச் சொந்தமான பண்ணை. கல்லூரிக்காரர்கள் எதையும் தூக்கிப் போடாதவர்கள். அந்த ஊரின் வரவு செலவுச் சுருள்கள் ஏறக்குறைய வருஷம் தவறாமல் அங்கே கிடந்தன. பி.டி.ஏ. ஹார்வி என்ற வரலாற்றாசிரியர் அவற்றை வாசித்து 1965ல் புத்தகமாகப் போட்டார். அந்தப் பண்ணையின் மணியக்காரர் பெயர் ராபர்ட் ஓல்ட்மேன். மணியக்காரர் என்று நம் வழக்கில் சொல்கிறேன். அவரும் நிலத்தோடு கட்டுண்ட குடிதான். ஆனால் எத்தனை மூட்டை கோதுமை விளைந்தது, எத்தனை ஆட்டுக்குட்டி பிறந்தது, உழவுக்கு யார் வரவில்லை என்று பார்த்துக் கல்லூரிக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர். செப்டம்பர் கடைசியில் மைக்கேல் திருநாளுக்குக் கணக்கு முடிக்கும் வழக்கம். இப்படிப்பட்ட மணியக்காரர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். குச்சியில் வெட்டுப் போட்டு வைத்துக்கொண்டு, குமாஸ்தா வந்ததும் வாயால் சொல்ல, அவர் லத்தீனில் எழுதிக்கொள்வார்.

ஓல்ட்மேன் 1311ல் பொறுப்புக்கு வந்தவர். நாவலைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் இந்த எண்ணைப் பார்த்ததும் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். கிவ்ரின் திட்டமிட்டபடி 1320ல் இறங்கி, அரைநாள் கூடுதலாக நடந்திருந்தால், ஓல்ட்மேனைப் பார்த்திருப்பாள்: ஒன்பது வருஷ அனுபவம், செத்த எருதுகளுக்குக் கணக்கு எழுத வைத்துக்கொண்டிருக்கும் ஆள். தப்பி 1348ல் இறங்கி நடந்திருந்தாலும் அதே ஓல்ட்மேனைத்தான் பார்த்திருப்பாள். முடி நரைத்து, முப்பத்தேழு வருஷக் குச்சிகளோடு. இரண்டு தடவையும் அவர் அதே விஷயத்தைத்தான் பேசியிருப்பார். மழை, விதை, வராத ஆள். இரண்டாவது தடவை அவருக்கு மூன்று மாதம்தான் பாக்கி என்பது அவர் முகத்தில் எழுதியிருக்காது. 1349 மார்ச்சில் இறந்துபோனார். அந்த வருஷத் தொடக்கத்தில் ஊரில் பண்ணைக்குக் கட்டுப்பட்ட முழுக்குடிகள் பன்னிரண்டு பேர். வருஷம் முடிவதற்குள் பன்னிரண்டு பேரும் இல்லை.

வகுப்பில் நான் எப்போதும் சொன்னது 'ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு'. கூடுதலாக இருக்கும், பாதியை நெருங்கியிருக்கும் என்று இப்போது சொல்கிறார்கள். எதுவானாலும் பின்னம்தான். கக்ஸத்தில் பின்னம் இல்லை.

ஒரு குடியானவர் இறந்தால் அவருடைய மாட்டிலோ குதிரையிலோ உயர்ந்த ஒன்றைப் பண்ணைக்காரர் எடுத்துக்கொள்வது அங்கத்திய வழக்கம், சாவு வரி. நல்ல காலத்தில் அது பண்ணைக்குக் கொழுத்த வருமானம். 1349ல் பல பண்ணைகளில் பட்டி நிறைய மாடு, மேய்க்க ஆளில்லை, வாங்க ஆளில்லை. லெஸ்டரில் இருந்த ஹென்றி நைட்டன் என்ற துறவி பின்னாளில் எழுதினார்: நாற்பது ஷில்லிங் பெறும் குதிரை ஆறு ஷில்லிங் எட்டுப் பென்னிக்குக் கிடைத்தது, ஆடுகள் பயிருக்குள் புகுந்து திரிந்தன, விரட்ட நாதியில்லை. நாவலில் ஒரு பசு வரும். கறக்க ஆளில்லாமல் மடி கனத்துக் கத்திக்கொண்டே கிவ்ரின் பின்னால் அலையும். சாவுக் காட்சிகளை எல்லாம் தாங்கிய பேத்தி அந்த இடத்தில்தான் போனில் அழுதாள். மாடு வளர்த்த வீட்டில் பிறந்த எனக்கும் தொண்டை அடைத்தது.

செய்தி முன்கூட்டியே வரவில்லையா? வந்தது. 1348 ஜூனில், யோவான் திருநாளை ஒட்டி, தெற்குக் கடற்கரையில் மெல்கம் துறைமுகத்துக்குக் காஸ்கனியிலிருந்து வந்த கப்பலோடு நோய் இறங்கியது. பிரிஸ்டல், பிறகு லண்டன், குளிர்காலத்துக்குள் ஆக்ஸ்போர்டுப் பக்கம். ஓடிப் போனவர்கள் கூடவே கொண்டுபோனார்கள். நாவலில் அந்த மதகுருக்கள் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வருவது போல.

இந்த இடத்தில் வில்லிஸ் செய்த ஒரு காரியத்துக்கு நான் இன்றும் தலை வணங்குவேன். பெரிய இடத்து மதகுருக்களை அற்பர்களாகக் காட்டிவிட்டு, எழுத்துக்கூட்டி லத்தீன் படிக்கக்கூடத் தெரியாத ஊர்ப் பாதிரியார் ரோஷை நாவலின் நாயகனாக்கியிருக்கிறார். நோயாளியைத் தொட்டுத் தூக்கி, கடைசி மன்னிப்புச் சொல்லி, குழி வெட்டி, மணி அடித்து, கடைசியில் தானும் விழுகிறவர். கதைக்காகச் செய்த மிகை என்று நான் முதலில் நினைத்தேன். ஆனால் மேற்றிராணியார்களின் பதிவேடுகளில் பாதிரியார் இடம் காலியாகி அடுத்தவர் நியமிக்கப்படும் தேதிகள் இருக்கின்றன. பல மறைமாவட்டங்களில் பதவியிலிருந்த பாதிரியார்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அந்த ஓரிரு வருஷத்தில் செத்திருக்கிறார்கள். ஓடியவர்களும் இருந்தார்கள்; ஆனால் ஓடியவர்கள் மட்டுமே இருந்திருந்தால் இந்த எண் வராது. கடைசி எண்ணெய் பூசப் போனவர்கள் இவர்கள்.

பாத் அண்ட் வெல்ஸ் மேற்றிராணியார் ரால்ஃப், 1349 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டார். பாதிரியார் கிடைக்காவிட்டால் பொது மனிதரிடமே பாவ அறிக்கை செய்யலாம். ஆண் இல்லாவிட்டால் பெண்ணிடமும் செய்யலாம். எந்தக் காலத்துத் திருச்சபை இப்படி எழுதியது என்று யோசித்துப் பாருங்கள். முப்பது வருஷமாக மாணவிகளுக்கு இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோயிருக்கிறேன். நாவலில் ரோஷ் சாகக் கிடக்கும்போது பக்கத்தில் கிவ்ரின் ஒருத்திதான். பெண், பாதிரியார் இல்லை, அந்த நூற்றாண்டே அவளுடையது இல்லை. அந்தச் சுற்றறிக்கை யாருக்காக எழுதப்பட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சாவின் உச்சத்திலே கேன்டர்பரி பேராயர் பதவிக்கே ஆள் நிற்கவில்லை. 1349 கோடையில் நியமனம் பெற்ற தாமஸ் பிராட்வர்டைன், அவிஞ்ஞோனில் பட்டம் வாங்கிக்கொண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தில் கால் வைத்த ஒரு வாரத்துக்குள் போய்விட்டார். மெர்ட்டன் கல்லூரிக்காரர், கக்ஸத்துக்குச் சொந்தக்காரக் கல்லூரி அதுதானே. வேகத்தையும் விசையையும் கணக்குக்குள் கொண்டுவர முயன்ற ஆக்ஸ்போர்டு அறிஞர் கூட்டத்தில் முன்னோடி. வேளாளனுக்கும் கணிதக்காரனுக்கும் அந்த வருஷம் ஒரே வாசல்.

மன்னர் சபை என்ன செய்தது? 1349 ஜூன் 18ல் ஒரு ஆணை. ஆள் குறைந்ததால் கூலி ஏறுகிறதாம். எனவே எல்லாரும் மன்னரின் இருபதாம் ஆட்சியாண்டில், அதாவது 1346 வாக்கில், என்ன கூலி வாங்கினார்களோ அதையே வாங்க வேண்டும். நாவலில் காலப் பயணத்துக்கு எத்தனை கருவி, எத்தனை கணக்கு! இவர்கள் ஒரு தோல்துண்டில் நாட்டையே மூன்று வருஷம் பின்னால் போகச் சொல்லிவிட்டார்கள். யாரும் போகவில்லை. 1351ல் இன்னும் கடுமையாக ஒரு சட்டம் போட்டார்கள், அதற்கும் போகவில்லை.

இந்த நோயை 'கறுப்புச் சாவு' என்று அன்றைக்கு இங்கிலாந்தில் யாரும் சொல்லவில்லை. பெருஞ்சாவு, கொள்ளைநோய், அவ்வளவுதான். 1361ல் மறுபடி வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, முன்னதை 'முதல் கொள்ளைநோய்' என்று குறிக்க வேண்டிவந்தது. அதன் பிறகு அது ஒரு தேதியாகவே ஆகிவிட்டது: முதல் கொள்ளைநோய்க்கு முன், முதல் கொள்ளைநோய்க்குப் பின். இதை எழுதும்போது அம்மாயியின் குரல் காதில் விழாமல் எப்படி இருக்கும்.

அவருக்கும் ஓல்ட்மேனுக்கும் வெறும் ஒப்புமை மட்டும் இல்லை, நிஜமான ஒரு நூலும் ஓடுகிறது. இரண்டும் ஒரே கிருமி. அந்தக் கிருமியை 1894ல் ஹாங்காங்கில் பிரித்துக் காட்டியவர் யெர்சின். எலியிலிருந்து மனிதருக்குத் தெள்ளுப்பூச்சிதான் கடத்துகிறது என்று 1898ல் கண்டு சொன்ன பால் லூயி சிமோன், பம்பாயிலும் கராச்சியிலும் நம் ஆட்களின் நோயைப் பார்த்துத்தான் அதைக் கண்டார். ஹாஃப்கின் 1897ல் பம்பாயில் தடுப்பூசி செய்தார். அந்தக் காலத்துக்குப் பிறகுதான் 1348ல் நடந்தது என்னவென்று மருத்துவ மொழியில் எழுதவே முடிந்தது. அப்போதும் சந்தேகம் ஓயவில்லை. அவ்வளவு வேகமாகப் பரவியது வேறு நோயாக இருக்கும் என்று பல வருஷம் வாதாடினார்கள். லண்டனில் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு என்ற இடத்தில், 1348–49ல் அவசரமாகத் திறந்த இடுகாடு ஒன்றை 1980களில் தோண்டினார்கள். அங்கே புதைந்தவர்களின் பற்களிலிருந்து கிருமியின் மரபணுவை முழுசாக வாசித்து 2011ல் வெளியிட்டார்கள். பிளேக்தான். வில்லிஸ் எழுதியது அதற்குப் பத்தொன்பது வருஷம் முன்னால். பந்தயம் கட்டித்தான் எழுதினார், ஜெயித்துவிட்டார்.

தோற்ற இடங்களும் உண்டு, விடுவானேன். 2054ல் கைப்பேசி கிடையாது. டன்வொர்தி ஒரு முக்கியமான ஆளைப் பிடிக்க வீட்டுத் தொலைபேசியையே கட்டிக்கொண்டு நூறு பக்கம் அல்லாடுகிறார். என் பேத்தி ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். ஆக்ஸ்போர்டில் மணியடிக்க வந்த அமெரிக்கப் பெண்களின் கதையை இன்னும் சுருக்கியிருக்கலாம். அவர்கள் அடிக்கும் வரிசை மாற்றி அடிக்கும் முறை பதினேழாம் நூற்றாண்டுச் சரக்கு. ரோஷ் அடிப்பது ஒற்றை மணி, சாவுக்கு.

இன்னொன்று கொஞ்சம் பெரிய விஷயம். நாவலில் ஊரே இல்லாமல் போகிறது. இங்கிலாந்தில் மண்மேடாய்க் கிடக்கும் கைவிடப்பட்ட ஊர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. எல்லாவற்றையும் காட்டி 'பிளேக் ஊர்' என்று சொல்வது அங்கே வழக்கம். மாரிஸ் பெரஸ்ஃபோர்டு அதைப் பொய்யாக்கினார். யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்ற ஊரை 1950லிருந்து நாற்பது கோடை விடாமல் தோண்டிய கூட்டத்தின் தலைவர்களில் ஒருவர் அவர். பெரும்பாலான ஊர்கள் கொள்ளைநோயில் சாகவில்லை. நூறு நூற்றைம்பது வருஷம் கழித்து, உழவைவிடக் கம்பளியில் லாபம் என்று நிலக்காரர்கள் குடிகளை எழுப்பிவிட்டு ஆடு விட்டதில் செத்தவை. ஆனால் ஆக்ஸ்போர்டு வட்டாரத்திலேயே, வில்லிஸுக்குச் சாட்சியாக இரண்டு ஊர் இருக்கிறது. டஸ்மோரில் குடிகள் எல்லாரும் இறந்துவிட்டதால் 1357ல் நிலத்தை வளைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். எய்ன்ஷம் பக்கத்து டில்கார்ஸ்லியில் 1359ல் வரி கேட்டபோது, 1350லிருந்து அங்கே யாருமே குடியில்லை, யாரிடம் வசூலிப்பது என்று பதில் எழுதினார்கள்.

கிவ்ரினின் மணிக்கட்டு எலும்பில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைப் பதித்து அனுப்புவார்கள். கை கூப்பினால் அது பேசுவதைப் பதியும். பார்ப்பவருக்கு ஜெபம் மாதிரி இருக்கும். அதற்கு அவள் வைத்த பெயர்தான் புத்தகத்தின் பெயர். அசல் டூம்ஸ்டே புக், 1086ல் வில்லியம் மன்னர் நாடு முழுக்க ஆள், எருது, ஏர், ஆலை எண்ணி எழுதச் செய்த கணக்கேடு. அதிலிருந்து தப்ப முடியாததால் நியாயத் தீர்ப்பு நாளின் ஏடு என்று மக்கள் அழைத்தார்கள். ஆரம்பத்தில் அவளும் எண்ணிக்கைதான் சொல்கிறாள்: வீடு இத்தனை, உடை இன்ன நிறம். போகப் போக எண்ணிக்கை மாறிவிடுகிறது. யார், எந்த நேரம், கடைசியாக என்ன கேட்டாள்.

நாவலின் முகப்பில் வில்லிஸ் வைத்திருப்பது அயர்லாந்தில் கில்கென்னி மடத்துத் துறவி ஜான் கிளின் 1349ல் எழுதியதை. கண்டதை எல்லாம் எழுதிவிட்டு, எழுதியவனோடு எழுத்தும் அழிந்துவிடக் கூடாது, ஆதாமின் வம்சத்தில் யாராவது தப்பினால் தொடரட்டும் என்று வெறும் தோலையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். அதற்குக் கீழே வேறொருவர் கையெழுத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது: எழுதியவர் இங்கே இறந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

2023ல் ரெடிங் போனபோது பேத்தி கக்ஸத்துக்குக் கூட்டிப்போனாள். ஒரே தெரு. தெருவை ஒட்டி முழங்கால் அளவு ஓடை, வீட்டுக்கு வீடு சின்னப் பாலம். தெருக்கோடி தாண்டித் தேவாலயம். கல்லறைக் கற்களில் நான் தேடிய காலத்துப் பெயர் எதுவும் கிடையாது. அந்தக் காலத்துக் குடியானவருக்குக் கல் ஏது. மழை தூறியது. ஓடையோரம் நின்று நோட்டைத் திறந்து, ஓல்ட்மேன் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதப் போனேன். கைப்பையில் கண்ணாடியைக் காணோம். "இன்னைக்கு என்ன தேதி கண்ணு?" என்று கேட்டேன். அவள் போனை எடுத்தாள்; அங்கே சிக்னல் இல்லை, ஆனால் தேதி காட்டியது.